சப்பிரகமுவவின் மறைந்த இருப்புப்பாதை

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையிலே, களனி கங்கையின் கரையை நாடி ஆண்டுதோறும் பிறநாட்டார் பலர் வருகின்றனர். அவர்கள் காண விரும்புவது ஒரு பாலம் நின்ற இடத்தையேயாம். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்திற்காக அங்கே பெரிய மரப்பாலமொன்று எழுப்பப்பட்டது. அதன்மீது ஒரு புகையிரதம் ஓட்டப்பட்டது. படத்தின் இறுதிக் காட்சிக்காகப் பாலமும் புகையிரதமும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பாலம் இன்று இல்லையாயினும், அது நின்ற இடத்தைக் காட்டுவோரும் காண்போரும் குறைந்தாரல்லர்.

அவ்விடத்திலிருந்து ஆற்றின் போக்கிலே சில மைல் கீழிறங்கினால் எட்டியாந்தோட்டை என்னும் ஊர் வரும். அவ்வூருக்கு உண்மையாகவே ஒரு புகையிரதம் வந்தது. 1903ஆம் ஆண்டு முதல் 1942ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது வந்து போயிற்று. தோட்டங்களுக்கு அரிசியையும் ஆட்களையும் கொணர்ந்தது. தேயிலையையும் இறப்பரையும் கொண்டு சென்றது. அந்நிலையம் எங்கே நின்றதென்று கேட்டு வருவார் இன்று அரியர். ஒரு காட்சிக்காகக் கட்டப்பட்ட பொய்ப் புகையிரதம் உலகோர் நினைவில் நிலைத்துவிட, ஓராயிரம் வீடுகளுக்குச் சோறளித்த மெய்ப் புகையிரதம் அயலூரார் நினைவிலிருந்தும் நழுவிற்று. இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

ஆற்றுவழியும் வண்டிவழியும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் 1889ஆம் ஆண்டில் தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. மத்திய மலைநாட்டிற்கும் மேற்குக் கரையோரச் சமவெளிக்கும் இடையே படிபோல அமைந்த நிலம் இது. மழை மிகுதி; ஆறுகள் பல; குன்றுகளோ எண்ணில. ஆகவே, முற்காலத்தில் இந்நாட்டிலிருந்து கடற்கரைக்குப் பொருள் சென்ற வழி பெரும்பாலும் ஆற்றுவழியே. இரத்தினபுரியிலிருந்து களு கங்கை வழியே களுத்துறைக்கும், களனிப் பள்ளத்தாக்கிலிருந்து களனி கங்கை வழியே கொழும்புக்கும் படகுகள் சென்றன. ஆறு பெருகினால் படகு நிற்கும், வற்றினாலும் நிற்கும். தெருக்கள் அமைந்தபின் மாட்டுவண்டிகள் அவ்வேலையிற் பங்கு கொண்டன.

இலங்கையின் முதற் புகையிரதப் பாதை 1864ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குத் திறக்கப்பட்டது. 1867இல் அது கண்டியை அடைந்தது. கண்டிச் சீமையின் கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டு வருவதே அதன் முதல் நோக்கம். அப்பாதை கேகாலை மாவட்டத்து றம்புக்கனையைத் தொட்டுக்கொண்டு கடுகண்ணாவைக் கணவாயேறிச் சென்றது. கேகாலை நகருக்கோ, களனிப் பள்ளத்தாக்குக்கோ, இரத்தினபுரிக்கோ அதனால் நேரான பயனில்லை.

பின்னர்க் கோப்பி நோயால் அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1876ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து கொணர்ந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரப் பூங்காவில் நடப்பட்டன. உயர்மலையின் குளிரை விரும்பாத அம்மரத்திற்குச் சப்பிரகமுவவின் வெப்பமும் மழையும் தாழ்குன்றுகளும் பெரிதும் ஏற்றவையாயின. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மோட்டார் வண்டித் தொழில் வளர, இறப்பரின் விலையும் ஏறியது. களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரிப் பக்கத்திலும் காடுகள் வெட்டப்பட்டு இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. விளைபொருள் மிகுந்தபோது, அதனைக் கொண்டு செல்லும் வழியும் வேண்டப்பட்டது.

ஒடுங்கிய பாதை

தலைமைப் பாதையின் தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் ஐந்தரை அடி, அஃதாவது 1,676 மில்லிமீற்றர். களனிவெளிப் பாதைக்கோ இரண்டரை அடி அகலமே, அஃதாவது 762 மில்லிமீற்றரே, தேர்ந்தெடுக்கப்பட்டது. இது தலைமைப் பாதையின் அகலத்திற் பாதியினுங் குறைவு.

இத்தேர்வுக்குக் காரணம் செலவேயாகும். அகன்ற பாதை கூரிய வளைவுகளை ஏற்காது. குன்று குறுக்கிட்டால் அதனை வெட்டவோ குடையவோ வேண்டும்; பள்ளம் குறுக்கிட்டால் அணையெழுப்ப வேண்டும். ஒடுங்கிய பாதையோ குன்றின் இடுப்பைச் சுற்றி வளைந்து செல்லவல்லது. இலேசான தண்டவாளம், சிறிய பாலம், சிறிய இயந்திரம் ஆகியவை அதற்குப் போதும். அக்காலத்தில் இம்முறை புதுமையான சோதனையுமன்று. எவரார்ட் கல்துறொப் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், மேற்கிந்தியாவிலே பார்சி என்னுமிடத்தில் 1897ஆம் ஆண்டு இதே இரண்டரை அடி அகலத்தில் ஒரு பாதையைத் திறந்து, ஒடுங்கிய பாதையும் கனத்த பாரத்தைச் சுமக்கவல்லது என்பதைக் காட்டியிருந்தார்.

களனிவெளிப் பாதையின் வேலை 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. கொழும்பு மருதானையிலிருந்து நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை, பாதுக்கை, வகை, கொஸ்கமை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரத்திலுள்ள அவிசாவளைக்கு 1902ஆம் ஆண்டு புகையிரதம் ஓடியது. அவிசாவளை சீதாவாக்கை அரசர் ஆண்ட பழைய நகர். மேல் மாகாணத்திற்கும் சப்பிரகமுவவிற்கும் இடையே வாயிலாக நிற்பது. அவ்வாயிலிலிருந்து பாதை இரு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை தெகியோவிட்டை, கரவனெல்லை வழியாக 1903ஆம் ஆண்டு எட்டியாந்தோட்டையை எட்டியது. மற்றைய கிளை எகலியகொடை, குருவிட்டை வழியாக 1912ஆம் ஆண்டு இரத்தினபுரியை அடைந்தது. பின்னர்க் காவத்தைப் பக்கமாக நீண்டு, அப்பத்தாண்டின் இறுதியில் ஓப்பநாயக்கையில் முடிவுற்றது. அதற்கப்பால் பலாங்கொடைக்கு அது சென்றதேயில்லை. தலைமைப் பாதைக்கு வெளியே மலைநாட்டில் இதே அகலத்தில் ஓடிய மற்றொரு பாதை, நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற உடப்புசல்லாவைப் பாதையாகும்.

சிக்கனத்திற்காகச் செய்த தேர்வு பின்னாளில் ஒரு குறையையும் விளைத்தது. அகன்ற பாதையின் பெட்டி ஒடுங்கிய பாதையிற் செல்லாது. ஒடுங்கிய பாதையின் பெட்டி அகன்ற பாதையிற் செல்லாது. ஆகவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு பெட்டியும் ஆள்வைத்து இறக்கி ஏற்றப்படல் வேண்டும். இரத்தினபுரிப் பாதை முதல் நாள் முதல் ஈற்று நாள்வரை நாட்டின் பிற பாதைகளிலிருந்து இவ்வாறு பிரிந்தே நின்றது.

ஏற்றியதும் இறக்கியதும்

இப்பாதையின் பயன் என்னவென்று அறிய, அது மேலே கொண்டு சென்றதையும் கீழே கொண்டு வந்ததையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும்.

கீழே வந்தவை இறப்பரும் தேயிலையும். விடியுமுன்னே பெரட்டுக் களத்திற் கூடிய தொழிலாளர் மரந்தோறும் சென்று பால் வெட்டினர். சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்துத் தொழிற்சாலைக்குச் சுமந்தனர். அங்கே அது உறையவிடப்பட்டுத் தகடாக உருட்டப்பட்டுப் புகைக்கூடத்தில் உலர்த்தப்பட்டது. பின்னர்ப் பெட்டியில் அடைத்து, வண்டியிலேற்றி, அண்மையிலுள்ள நிலையத்திற்கு அனுப்பப்பட்டது. மழை ஓயாத அந்நாட்டில் சேறு நிறைந்த நீண்ட வண்டிப் பயணம் குறைந்தமை தோட்டங்களுக்குப் பேருதவியாயிற்று.

மேலே சென்றவற்றில் தலையாயது அரிசி. தோட்டத் தொழிலாளரின் உணவு பிறநாட்டரிசியையே நம்பியிருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டைகள் இப்பாதையால் உள்நாட்டு நிலையங்களைச் சேர்ந்தன; அங்கிருந்து தோட்டத்துக் களஞ்சியங்களுக்குச் சென்றன. தோட்டம் கொடுத்த அரிசிக்கான விலை தொழிலாளரின் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. ஆகவே, நிலையத்தில் இறங்கிய மூட்டைக்கும் லயத்து அடுப்பிற்கும் இடையே நேரான தொடர்பிருந்தது எனலாம். எரு, தகரம், சுண்ணாம்பு, தொழிற்சாலை இயந்திரங்கள் ஆகியனவும் இவ்வழியே சென்றன.

அரிசியினும் முதன்மையாகக் கருதத்தக்கது, அதனை உண்ட மக்கள் வந்த வழி. களனிவெளிப் பாதை திறக்கப்பட்டபோது, தமிழகத்திலிருந்து வருவோர் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்குதல் உண்டு. 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. அதன்பின் மண்டபம் முகாமிலிருந்து புறப்பட்டோர் கடல் கடந்து தலைமன்னாரில் அகன்ற பாதைப் புகையிரதம் ஏறினர். இரத்தினபுரிக்கோ எட்டியாந்தோட்டைக்கோ இரயிலிற் செல்லவேண்டியவர் கொழும்பில் இறங்கிச் சிறுவண்டிக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. கங்காணியின் பின்னே, தகரப்பெட்டியும் துணிமூட்டையுமாக, பேச்சுப் புரியாத பெருநகரில் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாறிய குடும்பங்களின் வாழ்க்கை அவ்விடத்திலேதான் சப்பிரகமுவவை நோக்கித் திரும்பியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் துரையின் ‘துண்டு’ வேண்டியிருந்த காலமது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதுவரை புகையிரதம் கண்முன்னே ஓடினும், கடன்பட்ட தொழிலாளிக்கு அது தன் விருப்பப்படி ஏறத்தக்க வாகனமாக இருந்ததில்லை.

நிலையம் அமைந்த இடத்திலே கடைவீதியும் வளர்ந்தது. பலசரக்குக் கடை, துணிக்கடை, அடகுக்கடை, தேநீர்க்கடை ஆகியவை தோட்டத்துச் சம்பள நாளை எதிர்நோக்கி நின்றன. சம்பளம் கொடுத்த வார இறுதியில் லயங்களிலிருந்து மலைப்பாதை வழியே நடந்து வந்தோர் கடைவீதியில் வாங்கி, பேசி, கடிதம் எழுதுவித்து, ஊருக்குப் பணம் அனுப்பித் திரும்பினர். தமிழும் சிங்களமும் அங்கே அன்றாட வாணிகத்தில் ஒன்றையொன்று கற்றன. அவிசாவளை, தெகியோவிட்டை, எட்டியாந்தோட்டை, எகலியகொடை, காவத்தை முதலிய சிறுநகரங்களின் வரலாற்றை, இருப்புப்பாதையை விலக்கி எழுதுதல் இயலாது.

முதல் இழப்பு: 1942

எட்டியாந்தோட்டைக் கிளை 1942ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரலிற் கொழும்பின்மீது குண்டு விழுந்தது. மலாயாவின் இறப்பரை இழந்த நேசநாடுகளுக்கு இலங்கை இறப்பரே பெருந்துணையாயிற்று. மரம் பிழைக்குமோ என்று பாராது, உள்ள பாலையெல்லாம் வடிக்கும்படி பல தோட்டங்களில் வெட்டப்பட்டது. உலகம் சப்பிரகமுவவின் இறப்பரை என்றுமில்லாதவாறு வேண்டிநின்ற அதே ஆண்டில், அப்பள்ளத்தாக்கின் ஒரு புகையிரதக் கிளை இல்லாதொழிந்தது வியப்புக்குரியது. அதற்குள் தெருவும் லொறியும் அவ்வளவுக்கு வளர்ந்திருந்தன என்பதையே இது காட்டுகின்றது.

அதே 1942ஆம் ஆண்டின் நடுவில், கடலுக்கு அப்பால் சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியப் படையினர் வேறோர் இருப்புப்பாதையைத் தொடங்கினர். 415 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். அவ்வாசியத் தொழிலாளருள், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். பசியாலும் வாந்திபேதியாலும் அடியாலும் அவர்கள் மடிந்த கதையை மலேசியத் தமிழர் ‘சயாம் மரண இரயில்’ என்று இன்றும் நினைவு கூர்கின்றனர்.

கித்துல்கலையிற் படமாக்கப்பட்டது இந்தச் சயாம் பாதையின் கதையே. ஆனால் அப்படம் கூறியது பிரித்தானியப் போர்க்கைதிகளின் கதையை. தமிழ்த் தொழிலாளரின் கதை அதிலே இடம்பெறவில்லை. இறப்பர்த் தோட்டத் தமிழர் வாழும் மண்ணிலே எடுக்கப்பட்ட படம், இறப்பர்த் தோட்டத் தமிழர் மாண்ட பாதையைப்பற்றியே பேசியது. எனினும் அவர்களை அது காணவில்லை. எழுதுவோரும் எடுப்போரும் தமக்கு அணித்தானவற்றையே காண்பர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. பிறர் எழுதாததற்காக அவரைக் குறைகூறுவதைவிட, தாம் எழுதவேண்டியதை எழுதாதுவிட்ட குறையை எண்ணுதலே ஒரு சமூகத்திற்குப் பயன்தருவதாகும்.

இரண்டாம் இழப்பு: 1976

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கைக்குச் சென்ற கிளை 1976ஆம் ஆண்டுவரை நிலைத்தது. அதன் முடிவுக்கான காரணங்கள் மறைபொருளல்ல. கொழும்பு இரத்தினபுரிப் பெருந்தெரு அதனை ஒட்டியே சென்றது. 1958ஆம் ஆண்டில் பேருந்துச் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. வளைந்து வளைந்து சென்ற சிறுவண்டியினும் பேருந்து விரைவாகச் சென்றது. லொறியோ தொழிற்சாலையின் வாயிலிலேயே ஏற்றித் துறைமுகத்தின் வாயிலிலேயே இறக்கியது. ஈரிடங்களில் ஏற்றியிறக்கவேண்டிய ஒடுங்கிய பாதை அதனோடு போட்டியிட முடியவில்லை. சிக்கனமாகக் கட்டப்பட்டது, சிக்கனத்தின் பெயராலேயே கைவிடப்பட்டது.

ஆயினும், இப்பாதை மறந்துபோனமைக்குக் கணக்கேட்டில் மட்டும் காரணம் தேடலாகாது. அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் வேறு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவுவரை சென்றது. இவ்வாறு தோட்டத்தின் உடைமையும் உணவும் குடிமக்களும் ஒருங்கே நிலைகுலைந்த காலத்திலேதான் அப்புகையிரதம் நின்றது.

இந்தியாவுக்குச் செல்லப் பெயர் பதியப்பெற்றோர் தலைமன்னார்வரை இரயிலிற் சென்று அங்கிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலேறினர். உற்றாரைப் பிரிந்து செல்வோர் அழ, வழியனுப்ப வந்தோரும் அழ, அந்த வண்டிக்கு மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். பாட்டனை மலைக்குக் கொண்டுவந்த பாதையே பேரனைத் திரும்பக் கொண்டுசெல்லும் பாதையாயிற்று. எஞ்சியோரிற் பலர் 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்தனர். 1981ஆம் ஆண்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பெரிதும் தாக்குண்டன. வன்னிக்குச் சென்றோரும் உளர், கடல்கடந்தோரும் உளர்.

ஓர் இருப்புப்பாதையை நினைவில் வைத்திருப்பது தண்டவாளமன்று. அதிலே சென்ற மக்களே. இரத்தினபுரிப் பாதையிற் சென்றோரின் பிள்ளைகள் இன்று நீலகிரியிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பிறநாடுகளிலும் சிதறி வாழ்கின்றனர். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய உயர்மலைத் தோட்டங்களைப்பற்றி எழுந்த அளவுக்குச் சப்பிரகமுவத் தோட்டங்களைப்பற்றி எழுத்துத் தோன்றாமைக்கும் இச்சிதறலே ஒரு காரணம் எனலாம். பாதை பிடுங்கப்பட்டதும் ஓர் இழப்பு; அதனைப்பற்றிப் பேசுவதற்குரிய நாவுகள் பிரிந்துபோனதும் ஓர் இழப்பு. பின்னது முன்னதினும் பெரிது.

பேணியவர் பேணியவாறு

இதே காலத்தில் இதே அகலத்தில் அமைந்த வேறு இரு பாதைகளின் வரலாறு இங்கே ஒப்புநோக்கத்தக்கது. எட்டியாந்தோட்டைக்குப் புகையிரதம் வந்த அதே 1903ஆம் ஆண்டில் வேல்சு நாட்டில் வெல்சுபூல், லன்வயர் என்னும் ஊர்களுக்கிடையே ஒரு சிறுபாதை திறக்கப்பட்டது. அதன் அகலமும் 762 மில்லிமீற்றரே. அதுவும் நட்டமுற்று 1956ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் பற்றாளர் சிலர் சங்கம் அமைத்து, ஓய்வுநாட்களில் தம் கையாலேயே களைபிடுங்கித் தண்டவாளம் திருத்தி, 1963ஆம் ஆண்டில் அதனை மீண்டும் ஓட்டினர். அஃது இன்றும் ஓடுகின்றது. இந்தியாவிலே அதே 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதும் இன்று அதே அகலத்தில் ஓடுவதுமாகிய கல்கா சிம்லாப் பாதை, 2008ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இலங்கையிலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. மருதானைக்கும் அவிசாவளைக்கும் இடையேயுள்ள பகுதி 1990களில் அகன்ற பாதையாக மாற்றப்பட்டு இன்றும் ஓடுகின்றது. அதன் கூரிய வளைவுகள், அது ஒருகாலத்தில் ஒடுங்கிய பாதையாக இருந்தமைக்குச் சான்றாக உள்ளன. ஒடுங்கிய பாதையில் ஓடிய இயந்திரங்கள் சில பேணப்பட்டுள்ளன. புகையிரத சேவையின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவாகிய 2014ஆம் ஆண்டில் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலையும் திறக்கப்பட்டது. இரத்தினபுரிக்கு மீண்டும் பாதை நீட்டும் யோசனைகள் பலமுறை எழுந்தும் இன்றுவரை நிறைவேறவில்லை. இயந்திரத்தைப் பேணுவதற்கு நூதனசாலை உண்டு. அவ்வியந்திரம் இழுத்துச் சென்ற மக்களின் நினைவைப் பேணுவதற்கு அவரவர் ஊரும் பாடசாலையுமே உண்டு.

செய்யத்தக்கது

1976ஆம் ஆண்டில் பத்து வயதினராய் ஓப்பநாயக்கை வண்டியில் சென்றவர் இன்று அறுபதை அண்மியவர். 1942ஆம் ஆண்டில் பத்து வயதினராய் எட்டியாந்தோட்டை நிலையத்தில் நின்றவர் எவரேனும் உளராயின், அவர் தொண்ணூறைக் கடந்தவர். இக்கணக்கே காலத்தின் நெருக்கடியை உணர்த்தப் போதுமானது. முன்னவரிடம் கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே உண்டு. பின்னவரிடம் கேட்பதற்கு நாட்களே உண்டு.

கேட்கத்தக்கவை பெரிய கேள்விகளல்ல. வண்டி எந்நேரம் வந்தது, நிலையத்திலிருந்து லயம்வரை எவ்வளவு தூரம் நடந்தனர், அரிசி மூட்டையை யார் சுமந்தனர், கடைவீதியில் முதற்கடை யாருடையது, வழியனுப்பிய நாளில் யார் அழுதனர் என்பன போன்ற சிறு கேள்விகளே பெருவரலாற்றுக்கு வித்தாவன. தோட்டத்துச் செக்றோல் புத்தகம், கோயிற் கணக்கு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, பிறப்புச் சான்றிதழ், பழைய கடிதம் ஆகியவை அந்த வாய்மொழிக்குத் துணைநிற்கும். இவற்றைத் தேடுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொறுமையும் மரியாதையும் வேண்டும்.

மற்றுமொரு முயற்சியும் எண்ணத்தக்கது. மேனாடுகளில் சிறுவரும் முதியோரும் புகையிரதங்களின் சிற்றுருக்களை அளவு பிசகாமற் செய்து மகிழ்கின்றனர். அதற்கு வேண்டியவற்றை விற்ற சிறுகடைகள் பல அந்நாடுகளில் ஊர்தோறும் இருந்தன. அவற்றுட் பலவும் மூடப்பட்டுவிட்டன. ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்பது பிரித்தானியச் சிற்றுருவினர் பெரிதும் கையாளும் அளவு. அவ்வளவின்படி இரண்டரை அடிப் பாதை சரியாக 10 மில்லிமீற்றராகும். ஐந்தரை அடிப் பாதை 22 மில்லிமீற்றராகும். இவ்விரண்டையும் ஒரு பலகையின்மேல் அருகருகே அமைத்துக் காட்டினால், கொழும்பிலே வண்டிமாறிய குடும்பத்தின் இடர்ப்பாட்டை ஒரு சிறுவனும் கண்ணாற் கண்டறிவான். அதற்குக் கடையை நாடவேண்டுவதில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையும் மூங்கிற் சிராயும் தகரத் துண்டும் போதும். ஒரு வகுப்பு மாணவர் கணிதமும் புவியியலும் வரலாறும் ஒருங்கே கற்று, அவிசாவளை முதல் ஓப்பநாயக்கைவரை நிலையங்களை நிரைப்படுத்தி அமைப்பாராயின், அவற்றைக் காணவரும் முதியோர் வாய்திறவாதிரார். “இங்கேதான் இறங்கினோம்” என்று விரலால் தொட்டுக் காட்டும் ஒருவரின் சொல், பல நாள் வினாவினாலும் வராத செய்தியைத் தரும்.

கித்துல்கலையின் பாலம் ஒரு கதைக்காகக் கட்டப்பட்டது; அக்கதையைச் சொல்வதற்கு ஆள் இருந்தமையால் அது நிலைத்தது. களனிவெளியின் சிறுபாதை வாழ்வுக்காகக் கட்டப்பட்டது. அவ்வாழ்வைச் சொல்வார் குறைந்தமையால் அது மறைந்தது. சொல்வதற்குரியார் இன்னும் சிலர் எஞ்சியுள்ளனர். அவர் சொல்ல, இளையோர் எழுதிக்கொள்வாராயின், தண்டவாளம் மீளாவிடினும் சப்பிரகமுவத் தோட்டத் தமிழரின் வரலாற்றில் ஒரு பாதை மீளும்.